இரு பக்கமும் ஒன்றல்ல

தொழில் விண்ணப்பம் ஒன்றுக்காகப் படம் எடுக்க, வன்னியைச் சேர்ந்த ஒரு சகோதரியைக் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரமுள்ள ஸ்டூடியோ ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 2009 இல் ஷெல் துண்டு பட்டு அவரது தாடை உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டாலும் முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. படத்தை வாங்கிப் பார்த்தவர், "இது என்ர முகம் இல்லை அக்கா. கண்ணாடியில நான் இப்பிடி இல்லை" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. தாய் சட்டென்று அதன் தலையைத் திருப்பிவிட்டார். சகோதரி சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் படத்தைப் பற்றிச் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. கண்ணாடியில் நாம் காண்பது இடம் வலம் மாறிய முகம். 1977 இல் அமெரிக்க உளவியலாளர்கள் சில பெண்களிடம் அவர்களது படத்தையும், அதையே இடம் வலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். பெண்கள் பெரும்பாலும் மாற்றிய படத்தையே விரும்பினார்கள். அவர்களது தோழிகளோ மாற்றாத படத்தை விரும்பினார்கள். பழகிய முகமே நமக்குப் பிடிக்கிறது.

எவருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கும், ஒரு கண் சற்றுச் சிறிதாக இருக்கும். படத்தின் ஒரு பாதியைப் பிரதி எடுத்துத் திருப்பி மறுபாதியாக ஒட்டினால், அது வேறொருவரின் முகம் போலவே தோன்றும்.

ஆயினும், முகம் திடீரெனக் கோணினால் அலட்சியம் கூடாது. "பேயறைஞ்சிட்டுது" என்று வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. வாய் ஒரு பக்கம் இழுபட்டு, கை பலமிழந்து, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் 4.5 மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். முகநரம்பு மட்டும் பாதிக்கப்படும் முகவாதம் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும். 3 நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு இன்னும் கூடும். எது என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். கண் மூடாதிருந்தால் அது உலர்ந்து பழுதாகாமல் காக்கும் முறையையும் அவரிடம் கேளுங்கள்.

பழைய காயங்களுக்கும் வழியுண்டு. மெல்லுவதில், வாய் திறப்பதில் சிரமமிருந்தால், ஆண்டுகள் கடந்திருந்தாலும் உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். உடலில் ஷெல் துண்டு எஞ்சியிருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் பஸ்ஸில் நடந்ததற்குச் சத்திரசிகிச்சை மருந்தல்ல. முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்காக 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஹரோல்ட் கில்லீஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அங்கு முகங்களைச் சீரமைத்தார். அந்த வைத்தியசாலைக்குச் செல்லும் வீதியில் சில வாங்குகளுக்கு நீல நிறம் பூசியிருந்தார்கள். அங்கு நோயாளர் அமர்ந்திருக்கக்கூடும், பார்த்துத் திடுக்கிடாதீர்கள் என்று ஊராருக்கு அறிவிப்பதற்காக! சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் 1963 இல் எழுதிய நூல் இதையே விளக்குகிறது. களங்கம் என்பது உடலிலுள்ள குறையில் இல்லை, அதைப் பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான உறவிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர்களில் நீல வாங்குகள் இல்லை. குழந்தையின் தலையைத் திருப்பும் கைகள் இருக்கின்றன. அந்தத் தாய் கெட்டவரல்லர். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "அன்ரிக்குக் காயம் பட்டது, இப்ப சுகம்" என்று சொன்னால் போதும். குழந்தை அடுத்ததாக ஜன்னலைப் பார்க்கும்.

உற்றுப் பார்ப்பவருக்குச் சொல்ல ஒரு வசனத்தை நாமும் ஆயத்தமாக வைத்திருக்கலாம் என்று சகோதரியிடம் சொன்னேன். சற்று யோசித்தார்.

"ஷெல் பட்டது. தப்பியிட்டன். இதைச் சொன்னால் காணுமா அக்கா?"

காணும் என்றேன். அந்தப் படத்தையே விண்ணப்பத்தில் ஒட்டினார்.