கல்லும் மணலும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடற்கரைகள்

தென்னமெரிக்காவின் மேற்கு விளிம்பிலே பசிபிக் சமுத்திரத்தை நோக்கி நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் சிலி நாட்டுக்கு அழகிய கடற்கரைகள் பல உண்டு. ஆயின், தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ற் நீரோட்டத்தின் குளிர்ச்சியினால், கோடையிலும் அங்கு நீராடுவோர் நெடுநேரம் நீரில் நிற்பதில்லை. கடற்கரையொன்றின் இயல்பு கண்ணுக்குப் புலனாகும் கரையினால் மட்டும் அமைவதன்று. அடியிலுள்ள பாறை, மேல் வீசும் காற்று, வந்து சேரும் நீர் என்பனவே அதனை ஆக்குகின்றன. இந்நோக்கோடு பார்ப்பின், ஒரு நாட் பயணத்துள் அடங்கிவிடும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒன்றையொன்று ஒவ்வாத கரைகள் அமைந்த காரணம் தெளிவாகும்.

மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களைக் கடந்து மாவிட்டபுரத்தை அடைவர். அச்செம்மண்ணுக்கு அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரியிற் பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கி, நிலத்தடியிலே தங்கி, மெல்ல மெல்லக் கடலை நாடிச் செல்கின்றது. மாவிட்டபுரத்திலிருந்து மேற்கே திரும்பிக் கீரிமலையை அடைவோர் அந்நீர் வெளிப்படும் இடத்தைக் கண்ணாரக் காணலாம். அலை வந்து மோதும் கரையிலேயே கேணி, கேணிக்குள் நன்னீர், மதிலுக்கு அப்பால் உவர்க்கடல். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்பது கீரி. நகுலேஸ்வரம், கீரிமலை என்னும் இரு பெயர்களும் அவ்வழி வந்தனவே. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் திரளாக வந்து கூடும் துறையும் இதுவே. புராணம் முனிவரைச் சொல்ல, புவியியல் சுண்ணாம்புக் கல்லைச் சொல்கின்றது. இரண்டையும் அறிந்தவனுக்கு அந்நீராட்டு இருமடங்கு சுவை தரும்.

கீரிமலைக்குக் கிழக்கே காங்கேசன்துறை உளது. அங்குள்ள சுண்ணாம்புக் கல்லை நம்பி 1950 இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் உற்பத்தியை நிறுத்தியது. அவ்வாண்டிலிருந்து நெடுங்காலம் அக்கரையின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகிப் பொதுமக்கள் கால் படாதிருந்தது. பின்னர் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படலாயிற்று. 2015 இல் புகையிரதமும் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடியது. ஊரவர் தம் சொந்தக் கடலைப் பார்க்கக் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்ததை, அங்கு காற்று வாங்கச் செல்வோர் அறிந்திருத்தல் நன்று.

அப்பால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை வரையுள்ள கரை பெரிதும் கல்லாலானது. கரைக்குச் சற்று அப்பாலுள்ள முருகைக்கற் பார்கள் அலையை உடைத்து விடுகின்றன. இது குளிப்பவருக்கு உகந்த கரை என்பதிலும் கடலோடிகளை வளர்த்த கரை என்பதே பொருந்தும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறைமுகம் வரை சென்றடைந்தது.

பருத்தித்துறைக்கு அப்பால் கரை தென்கிழக்காகத் திரும்புகின்றது. அங்கே கல் மறைந்து மணல் ஆட்சி செய்யத் தொடங்குகின்றது. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் தீர்த்தமாடக் கடலுக்கு எழுந்தருளும்போது அடியார் மிதித்துச் செல்வதும் அம்மணலையே. சற்றுத் தெற்கே மணற்காடு. கடல் கரையேற்றிய மணலைக் காற்று உள்நாட்டுப் பக்கமாகத் தள்ளிக் குன்று குன்றாகக் குவித்திருக்கின்றது. அக்குன்றுகளுக்கிடையே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மணலுட் புதைந்து நிற்கின்றன. மணலின் நடமாட்டத்தைத் தடுக்க நட்ட சவுக்கு மரங்கள் இன்று காடாகிவிட்டன. இக்கரையின் அழகு பார்ப்பதற்கு உரியது. நீந்தத் துணிதல் தகாது. வங்கக் கடல் இங்கு நேரே வந்து மோதும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலையின் சீற்றம் பெரிது. 2004 மார்கழி 26 ஆந் திகதி சுனாமி மணற்காடு முதல் தலையடி வரை உயிர்களை வாரிச் சென்றதும் இக்கரையிலேதான்.

மணற்குன்று வெறுங்குவியல் அன்று. மழைநீர் அதனுள் இறங்கி, அடியில் ஊறியுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கும்; நன்னீர் உவர்நீரிலும் இலேசானது ஆதலின் இது கூடுவதாயிற்று. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பதைக் கைபன் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் யேர்மானியரும் தனித்தனியே கண்டு கூறினர். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். குன்றை வெட்டிக் கட்டட வேலைக்கு மணல் ஏற்றுவோர், மழையை ஏந்தி வைக்கும் கலத்தையே கொண்டு செல்கின்றனர். நன்னீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேற இடமுண்டாகும். வடமராட்சி கிழக்கிலே மணல் அகழ்வை எதிர்த்து ஊரவர் குரல் எழுப்புவது கடற்கரைக் காட்சிக்காக மட்டுமன்று, கிணற்றுக்காகவும் ஆம்.

மேற்கே கடலின் குணம் வேறு. பாக்குநீரிணை ஆழங்குறைந்தது. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகரை அடைந்தால், சவுக்கு மரங்களாற் பெயர்பெற்ற கசூரினா கடற்கரையிலே நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாது. வாடை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களிற் கடல் தெளிந்து அடங்கியிருக்கும். சிறுவரோடு செல்வோர்க்கு இதனினும் ஏற்ற இடம் குடாநாட்டில் அரிது. விடுமுறை நாட்களில் அங்கு கூடும் கூட்டத்தையும், கூட்டம் விட்டுச் செல்லும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கூட்டம் வேண்டாதார் பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்குச் சென்று சாட்டிக் கரையை நாடலாம். அங்கும் மணலே நிலம். சாட்டியிலும் அயலிலுள்ள மண்கும்பானிலும் அம்மணலடியிற் சுரக்கும் நன்னீர், உவர்க்கிணறுகளால் வாடும் தீவக ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீராகின்றது. கடலாடிவிட்டுக் கரையேறுவோர் உடம்பின் உப்பைக் கழுவ அள்ளும் நீரும், அங்கிருந்து புங்குடுதீவை நோக்கிப் புறப்படும் தண்ணீர் வண்டி சுமக்கும் நீரும் ஒரே மணலில் ஊறியவை.