கட்டம் போட்ட ராக்கெட்டும் சித்தம்பூண்டி மண்ணும்

உலகத்தில் எந்தத் தேசமும் ஏவாத, காகிதத்தில் மட்டுமே பறந்த ஒரு ராக்கெட்டுக்கு, நிஜமாகவே சந்திரனுக்குப் போய்வந்த ஊர்திகளுக்குக்கூட வாய்க்காத அபிமானம் வாய்த்திருக்கிறது. பெல்ஜியத்துச் சித்திரக்காரர் ஹெர்ஜே, தம்முடைய கதாநாயகனான டின்டின் என்னும் இளம் நிருபனைச் சந்திரனுக்கு அனுப்புவதற்காக 1950ஆம் ஆண்டில் வரையத் தொடங்கிய ஊர்தி அது. நுனியும் கால்களும் ஒரே சிவப்பு. வயிற்றுப் பாகத்தில் மட்டும் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பெரிய கட்டங்கள். ஊன்றி நிற்க வளைந்த மூன்று கால்கள். பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் கடைக் கண்ணாடிகளுக்குள்ளே விதவிதமான உயரங்களில் நிற்கும் அதன் மாதிரி உருவம் ஒன்று, கொல்லிமலை அடிவாரத்தில், ராசிபுரம் பக்கமிருந்து மலையேறுபவர்கள் கடந்து செல்லும் முள்ளுக்குறிச்சியில், காமிக்ஸ் சேகரிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் அலமாரியிலும் நிற்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை, வெளிநாடு போய்த் திரும்பிய சிநேகிதர் மூலம் வாங்கிக் கொடுத்தது என்றார். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், "இது மேலே போகுமுங்களா சார்?" என்று கேட்காத மாதம் இல்லையாம். அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அதெல்லாம் போயிட்டு வந்தாச்சு, கண்ணு."

அந்தப் பதிலில் வேடிக்கை மட்டும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஹெர்ஜேயின் இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. 1907இல் பிறந்தவர், 1983இல் காலமானார். 1929 ஜனவரியில் அவர் படைத்த டின்டின், தமிழ்நாட்டில் ஆங்கிலப் புத்தகங்களின் வழியாக வந்து சேர்ந்தவன். வங்காளிகளுக்கோ, நீரேந்திரநாத் சக்கரவர்த்தி என்ற பெருங்கவிஞரே 'ஆனந்தமேளா' பத்திரிகைக்காக அவனை வங்காளத்தில் பேசவைத்ததனால், வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டவன். சந்திர யாத்திரைக் கதை, 'டின்டின்' என்ற பெயரிலேயே வெளிவந்த வாரப் பத்திரிகையில் 1950 மார்ச்சு மாதம் தொடங்கி, ஆசிரியர் மனச்சோர்வுற்றுப் படுத்துவிட்டதனால் நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நின்று, மறுபடி தொடர்ந்து 1953இல் முடிந்தது. ஆங்கிலத்தில் 'டெஸ்டினேஷன் மூன்', 'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆன் தி மூன்' என்ற இரண்டு புத்தகங்களாக அது கிடைக்கிறது. ஆர்ம்ஸ்டிராங் சந்திரனில் கால் வைத்தது 1969இல் என்பதை நினைத்துக்கொண்டால், ஹெர்ஜே அவரைப் பதினாறு ஆண்டுகள் முந்திக்கொண்டார் என்று கணக்கு வந்துவிடும். ஹெர்ஜேக்கும் அந்தப் பெருமை இருந்திருக்க வேண்டும். ஆர்ம்ஸ்டிராங் இறங்கிய அந்த ஆண்டில், டின்டினும் அவன் கூட்டாளிகளும் முன்னதாகவே அங்கே போய்க் காத்திருந்து அவரை வரவேற்பதாக ஒரு சித்திரம் வரைந்தார்.

கட்டங்களுக்கு வருவோம். பார்வைக்கு விளையாட்டுப் பொம்மையின் அலங்காரம்போலத் தோன்றும் அந்தக் கட்டங்களின் பூர்வோத்தரம் சிறிதும் விளையாட்டல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் செய்த 14 மீட்டர் உயர வி-2 ராக்கெட்டுகளைச் சோதனைக்கு ஏவும்போது, அவற்றின் உடம்பில் இருநிறப் பட்டைகளும் கட்டங்களும் தீட்டுவது வழக்கம். ஒரே நிறமான உருளை தன்னைத்தானே சுற்றினால், அது சுற்றுகிறதா, நேராகப் போகிறதா என்று கீழேயிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. கட்டம் போட்டுவிட்டால், பிலிமில் பதிந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்து, எவ்வளவு புரண்டது என்று சொல்லிவிடலாம். கைதிகளை வதைத்து வேலை வாங்கிச் செய்த அந்த ஆயுதம், லண்டனில் விழுந்ததைவிட அதிகமாக விழுந்தது ஹெர்ஜேயின் சொந்த நாட்டுத் துறைமுகமான ஆன்ட்வெர்ப்பில். யுத்தம் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், தம் ஜனங்களைக் கொன்ற அந்த வடிவத்தையே எடுத்து, சிவப்பு வெள்ளைச் சாயம் பூசி, குழந்தைகளின் கையில் கொடுத்தார் அந்த மனிதர். அது மறதியா, மன்னிப்பா, அல்லது வடிவழகைக் கண்டு மயங்கும் சித்திரக்காரனின் பலவீனமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மூன்றும் கலந்ததாக இருக்கலாம்.

சாதாரணமாக, கதை பிரசித்தமான பிறகே பொம்மை வரும் என்று நினைக்கிறோம். இங்கே முறை தலைகீழ். ஹெர்ஜே அப்போதுதான் தமக்கென ஒரு சித்திரக்கூடம் அமைத்து உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பாப் டெ மோர் முதலிய பலருடைய கை ஒரே ஊர்தியை நூறு கோணங்களில் வரையும்போது, ஏணி ஒரு படத்தில் இடப்பக்கமும் அடுத்த படத்தில் வலப்பக்கமும் போய்விடாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக, பாகம் பாகமாகக் கழற்றி உள்ளே பார்க்கக்கூடிய ஒரு மாதிரியை ஆர்தர் வான் நோயென் என்பவரைக் கொண்டு செய்வித்தார். செய்வித்ததோடு விடாமல், விண்வெளிப் பிரயாணத்தைப் பற்றி 1950இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டிருந்த அலெக்சாண்டர் அனனோஃப் என்ற நிபுணரிடம் அதைப் பாரிஸுக்கே கொண்டுபோய்க் காட்டி, கட்டுப்பாட்டு அறையில் எந்தக் கருவி எங்கே இருப்பது நியாயம் என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில், இங்கிலாந்தில் 'ஈகிள்' பத்திரிகைக்கு டான் டேர் கதையை வரைந்த ஃபிராங்க் ஹாம்ப்சனும் தம் சித்திரக்கூடத்தில் விண்கல மாதிரிகளை வைத்துக்கொண்டே வரைந்தார். ஆகவே இன்று ஒருவர் அலமாரியில் வைத்திருக்கும் உருவத்தைச் சித்திரத்தின் நகல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சித்திரத்துக்கே தாயான வஸ்துவின் வமிசம் அது.

இந்தச் சிரத்தை கதைக்குள்ளும் தெரிகிறது. அணுசக்தி இயந்திரம் கக்கும் விஷக் கதிர் தரையில் படக்கூடாது என்பதற்காக, கிளம்பும்போதும் இறங்கும்போதும் வேறொரு துணை இயந்திரம் வேலை செய்கிறது. நடுவழி வரையில் வேகம் கூடிக்கொண்டே போய், பாதி தூரத்தில் ஊர்தி தலைகீழாகத் திரும்பி, வாலை முன்னே நீட்டியபடி வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குகிறது. இடைவிடாத அந்த முடுக்கத்தினால்தான் பிரயாணிகள் உள்ளே கால் பாவி நடக்கிறார்கள். இயந்திரம் நின்ற மறு கணம் டின்டினின் கூட்டாளி காப்டன் ஹடாக் மிதக்கத் தொடங்கி, அவருடைய விஸ்கியும் கோப்பையைவிட்டு உருண்டையாகக் கிளம்பிவிடுகிறது. நிஜமாகப் போன சாட்டர்ன்-5 ராக்கெட்டோ 110 மீட்டர் உயரம். வழியெல்லாம் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி எறிந்துவிட்டு, திரும்பி வந்தது மனிதர் மூவர் முடங்கிக் கிடக்கும் ஒரு கூம்பு மட்டும். சாதாரண எரிபொருளை நம்பிப் போனால் அப்படித்தான் போக வேண்டும்; ஹெர்ஜேயின் ராக்கெட் முழுசாகப் போய் முழுசாகத் திரும்புவது, அந்தக் கற்பனை அணு இயந்திரத்தின் தயவு. ஆனால் வால்பக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டு நின்ற நிலையில் ராக்கெட் இறங்குவதைக் கதைக்காரனின் அளப்பு என்று சிரித்தவர்கள், 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 அப்படியே வந்து தரையில் நின்றபோது சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு, அது நமக்கு மேலும் நெருக்கமானது. சந்திரனில் ஒரு குகைக்குள் டின்டின் இறங்கும்போது, அங்கே பனிக்கட்டி உறைந்திருப்பதாக ஹெர்ஜே வரைந்தார். எலும்பாய் உலர்ந்துபோன உலகம் என்று அப்பல்லோ காலத்து விஞ்ஞானிகள் சந்திரனைப் பற்றிச் சொன்னபோது, இந்தக் காட்சி கற்பனையின் அத்துமீறலாகவே எண்ணப்பட்டது. 2008 அக்டோபரில், மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு கிளம்பிய சந்திரயான்-1 சுமந்து சென்ற கருவிதான், சந்திரனில் நீர் மூலக்கூறுகள் உண்டென்பதை 2009இல் காட்டியது. துருவப் பள்ளங்களின் நிரந்தர நிழலில் பனி கிடப்பதற்கான தடயத்தையும், அதே கருவி அனுப்பிய தகவல்களை வைத்தே பிறகு கண்டுபிடித்தார்கள்.

இனி, சேகரிப்பவர்களின் உலகம். 1980களில் பிரான்சில் மிஷெல் அருச்செஃப் என்ற கைவினைஞர் மரத்தில் கடைந்து மெருகேற்றிச் செய்த டின்டின் பொம்மைகளுக்கு இன்றும் தனி மதிப்பு. இப்போது அதிகமும் கிடைப்பது ரெசின் வார்ப்பு: முதலில் ஒரு மூல உருவம்; அதன்மேல் சிலிக்கோன் அச்சு; அச்சுக்குள் இறுகு திரவம் கலந்த ரெசின்; இறுகியபின் இணைப்புத் தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, முழுவதும் வெள்ளை பூசி, கட்டம் கட்டமாக மறைப்பு நாடா ஒட்டிச் சிவப்பைத் தெளிப்பது. சாமர்த்தியம் எல்லாம் அந்தக் கடைசி வேலையில் இருக்கிறது. ஊர்தியின் உடல் நடுவே பருத்து மேலே குறுகுவதால், காகிதத்தில் சதுரமாக இருப்பது உடம்பில் சதுரமாக இருக்க முடியாது. மேலே போகப் போக ஒவ்வொரு கட்டமும் ஒடுங்கி, ஆனாலும் செங்குத்துக் கோடு கட்டங்கள் முடியும்வரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். மலிவான போலிகளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சுற்றிவந்த கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் அரைக் கட்டம் தப்பி நிற்கும்.

முள்ளுக்குறிச்சி ராக்கெட்டுக்கு வழியில் ஒரு காலில் அடிபட்டு வர்ணம் பெயர்ந்திருந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டராக இருக்கும் ஆசிரியரின் மைத்துனர், அதற்குப் பட்டி வைத்துத் தேய்த்து, லாரிக்கு அடிக்கும் சிவப்பிலேயே சாயல் பார்த்துக் கலந்து அடித்துக் கொடுத்துவிட்டார். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தாலொழிய ஒட்டு தெரியவில்லை. மேல்நாட்டுச் சேகரிப்பாளர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்; பெட்டி கசங்கினாலும், எண்ணிட்ட சான்றிதழ் தொலைந்தாலும், மூல வர்ணத்தின்மேல் பிறர் கை பட்டாலும் விலை இறங்கிவிடும் என்பது அவர்கள் சாஸ்திரம். விலையைப் பற்றிப் பேசினால் எல்லை இல்லை. இந்தச் சந்திரக் கதையின் அசல் சித்திரப் பக்கம் ஒன்று 2016 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 15.5 லட்சம் யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 11 கோடி ரூபாய்க்குப் போயிற்று. பணத்தைக் காட்டி மலைக்கவைப்பதில் எனக்கு உற்சாகமில்லை. காசில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் காகிதத்திலேயே பார்க்கலாம். பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள், கட்டடக் கலைஞர் ஹோர்டா 1906இல் துணி வியாபாரி ஒருவருக்காகக் கட்டிய மாளிகையில் 1989 முதல் நடக்கும் காமிக்ஸ் காட்சிசாலையின் கூடத்தில், ஆள் உயரத்தை விஞ்சிய ஒரு கட்டம் போட்ட ராக்கெட்டையே நிமிர்ந்து பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக் காமிக்ஸ் அபிமானி பெரும்பாலும் பொம்மை சேர்ப்பவன் அல்லன், தாள் சேர்ப்பவன். இந்திரஜால் காமிக்ஸின் வேதாளரும், விண்வெளி வீரன் பிளாஷ் கார்டனும், 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும், 1984இல் சிவகாசியிலிருந்தே புறப்பட்ட லயன் காமிக்ஸும் அவன் பெட்டியில் இருக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து நடுநடுவே அந்துருண்டை போட்டிருப்பான். உருவப் பொம்மைகள் அந்தக் காலத்தில் நமக்கு விற்கப்படவே இல்லை. விற்றிருந்தாலும் வாங்கும் சக்தி இல்லை. இன்று நாற்பது ஐம்பது வயதில் கையில் கொஞ்சம் பணம் புரளும்போது, பிள்ளைப் பிராயத்தில் கண்ணால் மட்டும் தொட்டதைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை எழுவது இயற்கை. இதைக் குழந்தைத்தனம் என்று பரிகசிப்பவர்கள், கொலுப்படியில் ரயிலும் விமானமும் வைக்கும் வீடுகளையும் பரிகசிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் முள்ளுக்குறிச்சியில் நின்று இதைப் பேசும்போது, மாதிரி செய்து பார்க்கும் காரியத்தில் இதே நாமக்கல் மாவட்டம் செய்த பங்கைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சந்திரயான்-2இன் விக்ரம் இறங்கு கலத்தையும் அதற்குள்ளிருந்து உருண்டு வரும் பிரக்யான் ஊர்தியையும் சோதிக்க, இஸ்ரோவுக்குச் சந்திர மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து செயற்கை மண் தருவிப்பதோ பெருஞ்செலவு. சந்திரனின் வெண்மையான மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் பாறையால் ஆனது. அந்த இனப் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடன், பரமத்தி வேலூர்ப் பக்கத்துச் சித்தம்பூண்டியிலும், குன்னமலையிலும் கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோடு அந்தப் பாறையை எடுத்து, வேண்டிய நுண்மைக்கு அரைத்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய், ஒரு கூடத்தில் பரப்பிச் சந்திரத் தரையையே மாதிரியாகச் செய்தார்கள். சந்திரனின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதால், ஹீலியம் பலூனால் ஊர்தியின் பாரத்தைக் குறைத்து, அந்த மண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள். பாரிஸுக்கு மாதிரியைத் தூக்கிக்கொண்டு போன ஹெர்ஜே அந்தக் கூடத்தைப் பார்த்திருந்தால், தம் இனத்தாரைக் கண்டதாகவே மகிழ்ந்திருப்பார்.

2019இல் சந்திரயான்-2இன் கலம் இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23ஆம் தேதி தென்துருவப் பகுதிக்கு அருகே நான்கு கால்களை ஊன்றி நின்றது. பிரக்யான் ஊர்தி தான் போன வழியெல்லாம் மண்ணைச் சோதித்து அனுப்பிய முடிவுகள் அடுத்த ஆண்டு வெளியாயின: அங்கே கிடப்பதும் அனார்த்தோசைட் இனம்தான்.