லீவ் லெட்டரிலிருந்து பேண்ட் ஏழு வரை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதுரை ஆரப்பாளையத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதக் கற்றுக்கொண்டது இரண்டு இடங்களில். ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று குறுகலான படி ஏறிப் போகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பள்ளியில் நாலு கோடு நோட்டில் தொடங்கி லீவ் லெட்டருக்கு வருவார்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பிக்கும் அந்தக் கடிதம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். அக்கா கல்யாணம் என்றால் ஒரு வரி மாறும், மீதி அப்படியே இருக்கும். ஏதாவது ஒரு வீட்டில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இருந்தால் தெருவே இரவல் வாங்கிப் படிக்கும். கட்டுரைக்கு நோட்ஸ் உண்டு. மனப்பாடம் செய்து தப்பில்லாமல் எழுதினால் மார்க்.

இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு வேறு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று விரல் பழகிய பிறகு அரசு தொழில்நுட்பத் தேர்வுக்குப் பயிற்சி. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. முதல் தாள் வேகத்துக்கு. இரண்டாம் தாளில் கடிதமும் ஸ்டேட்மெண்ட்டும். கிறுக்கித் திருத்திய கைப்பிரதியைப் பார்த்துப் பிசிறில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். முகவரி எங்கே தொடங்கும், மார்ஜின் எவ்வளவு, முற்றுப்புள்ளிக்குப் பின் எத்தனை இடம் விடுவது என்று மாஸ்டர் தாள் தாளாகப் பார்த்துச் சிவப்பு மையில் சுழிப்பார். மில்லில் ஷிப்ட் பார்த்த அப்பாக்கள் பெண்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு லீவிலேயே அங்கே சேர்த்துவிடுவார்கள். ஹையர் பாஸ் என்றால் சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போடலாம். அந்த இங்கிலீஷில் எழுதுகிறவரின் கருத்துக்கு இடம் கிடையாது. ஆபீசர் சொன்னது வடிவம் கெடாமல் தாளில் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு அந்தப் படிப்பு போதுமாக இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

இன்று தேனி, கம்பம், திண்டுக்கல் பஸ்களில் ஆரப்பாளையம் ஸ்டாண்டுக்கு வந்து இறங்குகிற பிள்ளைகளில் நர்சிங் முடித்தவர்கள் உண்டு, இன்ஜினியரிங் முடித்தவர்கள் உண்டு. அவர்களில் வெளிநாடு போக நினைக்கிறவர்கள் கோச்சிங் சென்டரைத் தேடிப் போவது ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்காக. 1989இல் இந்தப் பெயரில் வந்த தேர்வு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, உச்சம் பேண்ட் 9. எழுத்துக்கு ஒரு மணி நேரம். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொல்: மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு வரைபடம் அல்லது அட்டவணை, குடியேறப் போகிறவர்களுக்குக் கடிதம். இரண்டாவது 250 சொல் கட்டுரை. மதிப்பெண்ணில் அதற்குத்தான் இரட்டைப் பங்கு. ஒரு தடவை எழுதப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாங்கிய மார்க் இரண்டு வருஷம்தான் செல்லும்.

பேச்சிலும் கேட்டலிலும் தேறிய பிள்ளைகள் எழுத்தில் வந்து நிற்கிறார்கள். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்கிற என்எம்சி, நாலு பகுதிக்கும் 7 கேட்டுக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று இறங்கி வந்தது. அந்த ஒரு பகுதி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருந்தால் இப்படி இறங்கியிருப்பார்கள்!

பிள்ளைகள் எழுத்தில் தடுக்கி நிற்பதற்கு இங்கிலீஷ் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த 250 சொல் கட்டுரை 'நீ என்ன நினைக்கிறாய், ஏன்?' என்று கேட்கிறது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளையிடம், தமிழில்கூட, அதை யாரும் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

நர்சிங் முடித்த ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். நகரின் நடுவே கார் வருவதற்குக் கட்டணம் வாங்கலாமா என்பது கேள்வி. 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கி, இது சூடாக விவாதிக்கப்படும் விஷயம் என்று ஒரு வரி, பிறகு நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி. பக்கத்தைப் புரட்டினால் கல்விக் கட்டணம் பற்றிய கேள்விக்கும் அதே தொடக்கம். சென்டரில் கொடுத்த டெம்ப்ளேட். நோட்டை மூடிவிட்டு, "கீழமாசி வீதிக்குள்ள கார் விடலாமாம்மா?" என்று கேட்டேன். "கூடாது சார். எங்கப்பா அங்கதான் லோடு இறக்குறாரு. ஒரு கார் நின்னாப் போதும், தள்ளுவண்டி நகராது. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு மட்டும் விடணும்." நிலைப்பாடு, காரணம், கண்ணால் கண்ட உதாரணம், விதிவிலக்கு எல்லாம் வந்துவிட்டது. தேர்வு கேட்பது இதைத்தான். நோட்டில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

முழுக்க மனப்பாடம் செய்து எழுதியது என்று நிரூபணமானால் பேண்ட் பூஜ்யம் என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா, பத்திகள் கோவையாகப் போகின்றனவா, சொல்வளம், இலக்கணம் என்று நாலுக்கும் சமமாக மார்க் போடுகிறார்கள். டெம்ப்ளேட் முதல் இடத்திலேயே அடிபடும்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக நர்ஸ்கள் எழுதுகிற ஓஇடி தேர்வில் கடிதம் திரும்பி வந்திருக்கிறது. நோயாளியின் குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், சுமார் 180 முதல் 200 சொல்லில் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம். குறிப்பில் தேவையில்லாததும் வேண்டுமென்றே கலந்திருக்கும். பழைய டைப்பிஸ்ட் ஒரு சொல்லையும் விடக் கூடாது. இந்தப் பிள்ளைக்கோ எதை விட வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் நடந்த அறுவை சிகிச்சையை எழுதுவதா, இன்று காலை மாற்றிய மருந்தளவை எழுதுவதா? படிக்கப் போகிற ஆளுக்கு எது தேவையோ அதுதான் முதலில் வர வேண்டும்.

அன்று மாஸ்டர் ஒவ்வொரு தாளையும் படித்தார். இன்று பிள்ளையின் போனில் மாதிரிக் கட்டுரைகள் பிடிஎஃப்பாகக் குவிந்து கிடக்கின்றன. அவள் எழுதியதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆரப்பாளையத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை இந்தப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வையுங்கள். கேள்வியை முதலில் தமிழில் பேச விடுங்கள், பிறகு 40 நிமிடம் எழுதச் சொல்லுங்கள், நோட்டை வாங்கி வரி வரியாகத் திருத்திக் கொடுங்கள்.