ஓவன் பழுது, அம்மா வந்துகொண்டிருக்கிறார்: 'பீசஸ் ஆஃப் ஏப்ரல்' படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை. அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் பண்டிகை. நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், காலையிலேயே ஒரு இளம்பெண் வான்கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் ஏப்ரல். குடும்பத்தோடு ஒட்டுதலே இல்லாமல் தனியாக வாழ்பவர். இன்று அப்பா, அம்மா, தங்கை, தம்பி, பாட்டி என எல்லோரும் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஓவனைப் போட்டால், அது சூடாகவே இல்லை.

2003-ல் வெளியான 'பீசஸ் ஆஃப் ஏப்ரல்' இங்கேதான் தொடங்குகிறது. எழுதி இயக்கியவர் பீட்டர் ஹெட்ஜஸ். ஏப்ரலாக கேட்டி ஹோம்ஸ், அம்மா ஜாயாக பட்ரீசியா கிளார்க்சன், அப்பா ஜிம்மாக ஆலிவர் பிளாட்.

ஓவன் போனால் என்ன, கடையில் வாங்கிக்கலாமே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் தேங்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழி முழுசாக மேஜைக்கு வர வேண்டும். ஆறேழு கிலோ பறவை என்றால் மூன்று, நான்கு மணி நேரம் ஓவனில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கறி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் சாப்பிடலாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அடுப்பில் வைத்துச் சமாளிக்க முடியாது. விடுமுறை நாள், ரிப்பேருக்கும் ஆள் கிடைக்காது.

ஆக, ஏப்ரல் வான்கோழியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிறார். ஒரே கட்டடத்தில் இருந்தும் முகம் தெரியாதவர்கள். இறைச்சியே தொடாத ஒரு பெண் மறுத்துவிடுகிறார். ஒரு கறுப்பினத் தம்பதி முதலில் தயங்குகிறார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய், இதுவே கடைசி தேங்ஸ்கிவிங்காக இருக்கலாம் என்று தெரிந்ததும் ஓவனைத் தருகிறார்கள், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். புத்தம் புது ஓவன் வைத்திருக்கும் வெய்ன், உதவுகிறேன் என்று சொல்லிவிட்டு, கோபம் வந்ததும் வான்கோழியைப் பணயக்கைதி மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறார். ஷான் ஹேஸ் நடித்த இந்தப் பகுதி செம காமெடி.

காரில் என்ன நடக்கிறது?

படத்தின் இன்னொரு பாதி பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க் வரும் காருக்குள் நடக்கிறது. உண்மையான சண்டை இங்கேதான். பாட்டியைக் முதியோர் இல்லத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அவருக்கு ஞாபக மறதி. தம்பி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டே வருகிறான். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த தங்கை பெத்துக்கு, இந்தப் பயணமே பிடிக்கவில்லை. அப்பா மட்டும் 'எல்லாம் நல்லா நடக்கும்' என்று தேற்றிக்கொண்டே ஓட்டுகிறார்.

அம்மா ஜாய்க்கு மார்பகப் புற்றுநோய். வழியில் வாந்தி, சோர்வு. ஆனால் இந்த அம்மா, சினிமாவில் வழக்கமாக வரும் பொறுமையின் சிகரம் கிடையாது. வாயைத் திறந்தாலே குத்தல். தன் நோயைப் பற்றியே மற்றவர்கள் நெளியும்படி ஜோக் அடிக்கிறார். மூத்த மகளைப் பற்றி ஒரே ஒரு நல்ல நினைவாவது இருக்கிறதா என்று யோசிக்கிறார். கிடைக்க மாட்டேன் என்கிறது. நோய் வந்துவிட்டதால் ஒருவர் தானாக நல்லவராகிவிட மாட்டார் என்பதைக் கிளார்க்சன் துளியும் சமரசம் இல்லாமல் நடித்திருக்கிறார். இந்த வேடம் அவருக்கு சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்தது. விருது 'கோல்ட் மவுன்டன்' படத்துக்காக ரெனே ஜெல்வெகருக்குப் போனது.

ஏன் எப்போதும் ஒரு பண்டிகை நாள்?

பிரிந்த குடும்பம் பண்டிகைக்குக் கூடுவது ஹாலிவுட்டுக்குப் பழகிய கதை. ஜோடி ஃபாஸ்டர் இயக்கிய 'ஹோம் ஃபார் தி ஹாலிடேஸ்' 1995-ல் வந்தது. 2005-ல் 'தி ஃபேமிலி ஸ்டோன்'. பிரான்ஸிலும் 2008-ல் 'எ கிறிஸ்துமஸ் டேல்' வந்தது. காரணம் சிம்பிள்: பண்டிகைத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த வாரம் பேசிக்கலாம் என்று சொல்ல வழியில்லை. ஜாய்க்கோ அடுத்த வருடம் என்பதே சந்தேகம்.

மேலே சொன்ன படங்களில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்து மோதிக்கொள்வார்கள். ஹெட்ஜஸ் இங்கே வேறு வேலை செய்கிறார். அம்மாவையும் மகளையும் கிட்டத்தட்ட படம் முடியும் வரை சந்திக்கவே விடவில்லை.

இவ்வளவு சின்னப் படமாக எப்படி எடுத்தார்கள்?

வேறு வழியில்லாமல்தான். பெரிய பட்ஜெட் முயற்சிகள் கைகூடாத நிலையில், குறைந்த செலவில் டிஜிட்டல் படங்கள் எடுத்துவந்த 'இன்டிஜென்ட்' நிறுவனம் கைகொடுத்தது. செலவு சுமார் 3 லட்சம் டாலர். படப்பிடிப்பு 16 நாட்கள். படமும் சுமார் 80 நிமிடங்கள்தான். சிறிய வீடியோ கேமராவில் எடுத்ததால் காட்சிகள் கொஞ்சம் சொரசொரப்பாக, வீட்டு வீடியோ மாதிரி இருக்கும். முதல் பத்து நிமிடம் கண்ணை உறுத்தலாம், பிறகு அதுவே பொருத்தமாகிவிடும். ஹெட்ஜஸின் அம்மாவும் புற்றுநோயால் இறந்தவர். ஜாய் வசனங்களில் இருக்கும் அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது என்று யூகிக்கலாம்.

முடிவில் சேர்கிறார்களா?

(படம் பார்க்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

குடும்பம் வந்து சேரும்போது, ஏப்ரலின் காதலர் பாபி, டெரெக் லூக், அடிவாங்கி முகத்தில் ரத்தத்தோடு காரை நெருங்குகிறார். ஏப்ரலின் முன்னாள் காதலன் செய்த வேலை. அறிமுகமில்லாத கறுப்பின இளைஞரை அந்தக் கோலத்தில், அந்தக் கட்டடத்தின் வாசலில் பார்த்ததும் குடும்பம் மிரண்டு காரைத் திருப்பிவிடுகிறது. மாடியில் மேஜை போட்டு மகள் காத்திருக்கிறாள்.

இதற்கு முன்பே ஒரு காட்சி உண்டு. ஏப்ரலுக்கு உதவும் ஒரு சீனக் குடும்பத்துக்கு ஆங்கிலம் சரியாக வராது. தேங்ஸ்கிவிங் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கப் பார்க்கிறார். வந்தேறிகள், பூர்வகுடிகள் என்று ஆரம்பித்து, அந்த வரலாறு அவ்வளவு அழகானது இல்லையே என்று திணறி, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார். கடைசியில் அவர் வந்து நிற்கும் இடம்: தனியாக முடியாது என்று மனிதர்கள் ஒத்துக்கொண்ட ஒரு நாள் அது.

திரும்பிப் போன குடும்பம் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கழிவறையில், ஒரு தாய் தன் சின்ன மகளிடம் எரிந்து விழுவதை ஜாய் பார்க்கிறார். யாரிடமும் சொல்லாமல், மகனை மட்டும் கூட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் மோட்டார் சைக்கிளில் ஏறி ஏப்ரல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

கதவு திறக்கிறது. மன்னிப்பு இல்லை, நீளமான வசனம் இல்லை. அதற்குப் பிறகு வருவது தம்பியின் புகைப்படங்கள் மட்டும். ஓவன் கொடுத்த அக்கம்பக்கத்து வீட்டார் நடுவே, அம்மாவும் மகளும் ஒரே மேஜையில்.