காற்று வந்த திசையில் விழுந்த சாம்பல்

1954 மார்ச் 1, விடியற்காலை. பசிபிக் பெருங்கடலின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. சுமார் 6 மெகா டன் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 15 மெகா டன்னாக வெடித்தது. பவளப்பாறை தூளாகி, கதிரியக்கத்தைச் சுமந்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. சில மணி நேரத்தில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிழக்கே இருந்த ரோங்கெலாப் தீவில் அது வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது.

அந்தக் கடலில் வழக்கமாக வீசும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே போவது. சாம்பல் மட்டும் எப்படிக் கிழக்கே போனது?

வியாபாரக் காற்று வீசுவது வானத்தின் கீழடுக்கில் மட்டுமே. பல கிலோமீட்டர் உயரே காற்று திசை மாறி வீசும். வெடிப்பில் எழுந்த மேகத்திலிருந்து இறங்கும் துகள் இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் கடந்தே தரையைத் தொடுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அது இருக்கும் நேரத்தை அங்குள்ள காற்றின் வேகத்தால் பெருக்கி, திசை பார்த்துக் கூட்டினால் விழும் இடம் கிடைத்துவிடும். 0.15 மில்லிமீட்டர் துகள் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் இறங்கும். 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்துசேர ஐந்தரை மணி நேரம். வழிநெடுக விநாடிக்கு 8 மீட்டர் காற்று ஒரே பக்கம் தள்ளினால், விழுவது 160 கிலோமீட்டர் தள்ளி. பெரிய துகள்கள் அருகிலேயே விழ, நுண்தூசியோ மாதக்கணக்கில் உலகைச் சுற்றும்.

இதில் மழை குறுக்கிட்டால் கணக்கு மாறும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்துக்குள்ளான அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு மக்களை வெளியேற்றினார்கள். மார்ச் 15 அன்று காற்று வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்து, வட்டத்துக்கு வெளியே இருந்த இதாத்தே கிராமத்தில் கதிரியக்கத்தை இறக்கின. காம்பஸால் போட்ட வட்டம் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

சூத்திரம் எளிது, காற்றை முன்கூட்டிக் கணிப்பதுதான் கடினம். கணித்த திசை 15 டிகிரி பிசகினால், 160 கிலோமீட்டர் தொலைவில் விழும் இடம் 40 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஒரு தீவுக்கூட்டமே தப்பவோ சிக்கவோ அது போதும். அதனால் இன்றைய கணினி மாதிரிகள் ஒரே பாதையை வரைவதில்லை. சற்றே வேறுபட்ட பல வானிலைக் கணிப்புகளில் ஆயிரக்கணக்கான துகள்களை ஓடவிட்டு, எந்த ஊரில் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கின்றன. ஒரு ஊரைக் காலிசெய்ய அந்த வாய்ப்பு எவ்வளவு இருந்தால் போதும் என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.