இணையதளம் யார் பெயரில்?

சொந்தக் காலில் – 9

சென்ற வாரம் தையற்கூடம் வைக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று பார்த்தோம். இந்த வாரத் தொழிலுக்கு ஒரு லேப்டாப்பும் தடையில்லாத இணைய இணைப்பும் இருந்தால் போதும். வெப் டிசைன் தொழிலை வீட்டு அறையிலிருந்தே தொடங்கிவிடலாம். முதல் குறைவு என்பதாலேயே போட்டி அதிகம். இதில் நிலைத்து நிற்பவர்கள் கோடிங்கில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளரிடம் கேட்கவும், பேசியதை எழுத்தில் வைக்கவும் பழகியவர்கள் என்பேன்.

கைவேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், வேர்ட்பிரஸ். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவச மென்பொருள். இன்று உலக இணையதளங்களில் பத்தில் நான்கு அதில்தான் ஓடுகின்றன. இவற்றையெல்லாம் யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாம். திரையின் அளவுக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் 'ரெஸ்பான்சிவ்' முறையை ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2010இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்று அது இல்லாத தளத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பக்கத்தை முதலில் செல்பேசிக்கு வரையுங்கள், பிறகு கணினிக்கு விரியுங்கள்.

தமிழில் தளம் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் அவை ஒன்றோடொன்று முட்டும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் 'தொடர்புகொள்ள' என்று நீண்டு கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். விலை குறைந்த பழைய போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் நின்று, நீங்கள் செய்த பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண்புரை உள்ள பெரியவருக்கு அது வெற்றுத் தாள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது அனைத்துலக அணுகல் வழிகாட்டி. அதை அளந்து சொல்லும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி கேட்கும் திறமை. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், "தம்பி, நம்ம கம்பெனிக்கு ஒரு வெப்சைட் போடணுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் உடனே தொகை சொல்லாதீர்கள். அந்தத் தளத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பாவிலிருந்து சரக்கு எடுக்க நினைக்கும் பையர் என்றால், அவர் தேடுவது இயற்கைப் பருத்திக்கான காட்ஸ் சான்று இருக்கிறதா, குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பீஸ், மாதத்துக்கு எவ்வளவு தைக்க முடியும் என்பதைத்தான். முகப்பில் ஓடும் ஐந்து படங்களை அவர் நின்று பார்ப்பதில்லை. உள்ளூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள்தான் வருவார்கள் என்றால் வாட்ஸ்அப் எண் பெரிதாக இருக்க வேண்டும். இந்தப் பதில்கள் கையில் வந்த பிறகே எத்தனை பக்கம், என்ன விலை என்று கணக்குப் போட முடியும்.

பெரும்பாலான வேலைகள் நின்றுபோவது வாடிக்கையாளர் தரவேண்டிய எழுத்தும் படமும் வராததால்தான். முதலாளியைப் பேசவிட்டு, அனுமதி வாங்கிப் போனில் பதிவு செய்து, அதிலிருந்து நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை. கூகுளில் கிடைத்த படத்தை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். படத்தின் உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸ் உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டும்.

அடுத்தது, நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். டொமைன் பெயரை வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதியுங்கள். அவசரத்துக்கு டிசைனர் தன் கணக்கில் பதிந்துவிடுகிறார். இரண்டு வருடத்தில் போன் எண் மாறிவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை. காலாவதியான டாட் காம் பெயரைப் பதிவு நிறுவனம் நீக்கினால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால் இன்னும் 5 நாளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டிலிருந்து வேன் வரைக்கும் அச்சடித்த பெயர் அது.

வடிவமைப்புக்கும் கோடுக்கும் யார் சொந்தக்காரர் என்பதையும் எழுத வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, வெளியாளாக இருந்து செய்து கொடுக்கும் கோடுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்ததாலேயே அது வாடிக்கையாளருக்குப் போய்விடாது; உரிமையை எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஏற்றுமதி செய்கிறவருக்கு இது பெரிய ஓட்டை. முழுத் தொகையும் கைக்கு வந்த நாளிலிருந்து, எல்லா நாட்டுக்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உரிமை மாறுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

பணத்தில் கூச்சம் வேண்டாம். தொடங்கும் முன் பாதி முன்பணம் கேளுங்கள். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதையும், ஆண்டுப் பராமரிப்பு தனிக் கட்டணம் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை முதல் வேலைக்கு முன்பே செய்துவிடுங்கள், அது இலவசம். அப்படிப் பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி ஏறும். வராத பாக்கிக்கு, அரசு இணையதளம் வழியாகவே முறையீடு செய்யலாம்.

அடுத்த வாரம், ஒரு மாதிரி கொட்டேஷனை வரி வரியாக எழுதிப் பார்ப்போம்.

(தொடரும்)