உங்களுக்குத் தெரியுமா? குச்சி ஒரு கை, கூடு ஒரு கை

லெட் செப்பெலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் (1948–1980) 'மோபி டிக்' தனி வாசிப்பின் நடுவே குச்சிகளை வீசிவிட்டு வெறுங்கையால் தட்டுவார்; ரசிகர்கள் கிறங்கிப் போவார்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குக் கையால் தட்டுவது புதிதல்ல. தவில்காரர் இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் பசை தோய்த்த துணி சுற்றிக் காய வைத்த 'கூடு' என இரண்டையும் ஒரே நேரத்தில் ஆள்கிறார்.

ராக் டிரம்மர்களைப் போலவே தவிலிலும் யார் பெரியவர் என்ற ஒப்பீட்டுச் சண்டை உண்டு: நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையா (1894–1949), யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியா? பதிவுகளைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது வெட்டிப்பேச்சு.

பழைய தவில் கச்சேரிப் படம் சேர்ப்பவரா? தவிலை உற்றுப் பாருங்கள். தோல்வாரால் இழுத்துக் கட்டியிருந்தால் படம் பெரும்பாலும் பழசு. உலோக வளையமும் போல்ட்டும் தெரிந்தால் பிந்தையது. பிறகு படத்தைப் பின்புறம் திருப்பி, ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். பெயர், ஊர், ஆண்டு எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கம் தெரியும்.